தியாகலிங்கத்தின் மகள்

அருமைநாயகிக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது தாய் நெருப்புக்காய்ச்சலில் இறந்துபோனாள். தகப்பன் தியாகலிங்கம் உடுப்பிட்டியிலிருந்து கொழும்புக்கு வெங்காய லொறி ஓட்டுகிறவர். குடிப்பார். செத்தவீட்டுக்கு வந்த தாயின் தமக்கை சிவக்கொழுந்து, எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரவெட்டிக்குப் போய்விட்டாள். அவளுக்கும் கணவர் சோமசேகரம் வாத்தியாருக்கும் பிள்ளைகள் இல்லை. ஆறு வயது மூத்தவனான அண்ணன் சீவரத்தினத்தையும் தரச்சொல்லிக் கேட்டார்கள். "பொடியன் என்னோடை நிக்கட்டும்" என்று தியாகலிங்கம் சொல்லிவிட்டார்.

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரும் அப்படித்தான் இரண்டு வீடுகளில் வளர்ந்தார்கள். வாத்தியார் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. மாலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடாமல் யாரும் சாப்பிட உட்காரமாட்டார்கள். கள்ளு என்ற சொல்லை அங்கே எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உடுப்பிட்டியிலோ சீவரத்தினம் பள்ளிக்கூடம் விட்டதும் கள்ளுத் தவறணை வாசலில் போய் நின்று, "ஐயா, வாங்கோ வீட்டை போவம்" என்று கூப்பிடப் பழகியிருந்தான். தியாகலிங்கம் தள்ளாடுகிறவர் அல்ல. கூட இருந்தவர்கள் விழுந்து கிடக்கும்போதும் அவர் நிமிர்ந்து நடந்து வருவார். லொறியை ஏறி எடுத்தால் கோடு கீறினது போலப் போகும். ஊரில் அதை ஒரு கெட்டித்தனமாகச் சொல்வார்கள்.

வருஷப்பிறப்புக்கு மட்டும் அவர் மகளைப் பார்க்கக் கரவெட்டிக்கு வருவார். கொழும்பில் வாங்கிய சட்டைத்துணியை நீட்டிவிட்டு, வாத்தியார் முகம் கொடுத்துக் கதைக்காததால் சிறிது நேரத்தில் எழும்பிப் போய்விடுவார். அவர் உடம்பிலிருந்து வந்த மணத்தை லொறியின் மணம் என்றே அருமைநாயகி வெகுகாலம் நினைத்திருந்தாள்.

அவளுக்கு இணுவிலிலிருந்து சம்பந்தம் வந்தபோது மாப்பிள்ளையின் தாய் நல்லம்மா நேராகவே கேட்டாள்.

"தகப்பன் பெருங்குடிகாரன் எண்டு கேள்வி."

"பிள்ளை எங்கடை வளர்ப்பு," என்றார் சோமசேகரம் வாத்தியார். "அந்த ஆளின்ரை காத்துக்கூட இவளிலை படேல்லை."

நல்லம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சாமியறை, சுவரில் திருநீறு பூசிய படங்கள், கூட்டித் துடைத்த முற்றம். "வளர்ந்த வீட்டைத்தானே பாக்கவேணும்" என்று சம்மதித்தாள். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த அருமைநாயகிக்கு அது பெருமையாக இருந்தது. தகப்பனிடமிருந்து தான் தப்பிவிட்டதாகவே அவள் நம்பினாள்.

மாப்பிள்ளை இராசநாயகம் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜர். காலையிலும் மாலையிலும் தோட்டம். அதிர்ந்து பேசாதவர். கலியாணம் முடிந்து அடுத்த வருஷம், எண்பத்து நாலில், பெண்குழந்தை பிறந்தது. கௌசிகா என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் உள்ளியும் போட்டுச் சரக்குக்கறி காய்ச்சிக் கொடுத்ததோடு, சாப்பாட்டுக்கு முன் சின்னக் கிளாசில் பிறண்டியும் கொண்டுவந்தாள் நல்லம்மா. அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அது வழக்கம்தான்.

"மாமி, எனக்கு உது வேண்டாம். நான் மணந்தும் பாத்ததில்லை."

"இது குடியில்லைப் பிள்ளை, மருந்து. பச்சை உடம்புக்குச் சூடு வேணும். என்ரை மேளும் தன்ரை பிள்ளைப்பேற்றுக்கு அழுதழுதுதான் குடிச்சவள். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கு."

அருமைநாயகி மூக்கைப் பொத்தி விழுங்கினாள். தொண்டை எரிந்தது. ஆனால் அவளுக்கு இருமல் வரவில்லை, முகம் கோணவுமில்லை. சிறிது நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகியது. ஏதோ கெட்ட செய்தி வரப்போகிறது என்று காத்திருப்பவள் போன்ற ஓர் இறுக்கம் சின்ன வயதிலிருந்தே அவளிடம் இருந்தது. எல்லோருக்கும் அது இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அது இல்லாமல் போனபோதுதான், அது இருந்ததே தெரிந்தது. மற்றச் சனமெல்லாம் இவ்வளவு நாளும் இப்படித்தான் நிம்மதியாக இருந்தார்களா என்று யோசித்தபடி, குழந்தையை அணைத்துக்கொண்டு நித்திரையானாள்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்ததோடு மாமி பிறண்டியை நிறுத்தினாள். அலுமாரியில் மிச்சப் போத்தல் இருந்தது. பின்னேரமானால் அருமைநாயகியின் உடம்பு தானாகவே அதைத் தேடியது. சண்டை தொடங்கி, வானத்தில் இராணுவ ஹெலி சுற்றுகிற நாட்கள் அவை. சந்தைக்குப் போன மனிதர் திரும்பி வருவாரா என்று ஒவ்வொரு வீட்டிலும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயத்துக்குத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு முதல் நாள் ஒரு வாய் குடித்தாள். பிறகு பயமில்லாத நாளிலும் குடித்தாள். வயிற்றுவலிக்கு அது நல்லது என்று சொன்னபோது இராசநாயகம் மறுபேச்சில்லாமல் இன்னொரு போத்தல் வாங்கிவந்து கொடுத்தார். அதுவும் போதாமல் போனபோது, யாழ்ப்பாணப் பட்டினத்தில் தன்னைத் தெரியாத கடையொன்றுக்குப் போய், மாமிக்கு மருந்துக்கு என்று சொல்லி அவளே சாராயம் வாங்கினாள். தோட்டத்துக் கொட்டிலில் கட்டித் தொங்கவிட்ட வெங்காயப் பிடிகளுக்குப் பின்னால் அதை வைத்தாள். வாய்மணத்துக்கு வெற்றிலை போடப் பழகினாள்.

யாருக்கும் தெரியவில்லை. ஒரு குடும்பப் பெண்ணில் அதைத் தேட யாருக்கும் தோன்றாது. மேலும், மற்றவர்களைப் பாயில் கிடத்தியிருக்கக்கூடிய அளவு உள்ளே போன பிறகும் அவள் நேராக நடந்தாள், நாக்குக் குழறாமல் கதைத்தாள், சோற்றுக்கு உப்புக் கணக்காகப் போட்டாள். இது தன்னை ஒன்றும் செய்யவில்லை என்பதற்கு அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டாள். பால் குடித்த பிறகு குழந்தை வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் கண்திறக்காமல் கிடந்த ஒரு நாளில் மட்டும் அவள் அதை உலுக்கி உலுக்கி எழுப்பினாள். அன்று முழுக்க அவள் தொடவில்லை. அடுத்த நாள் பின்னேரம் மறுபடியும் கொட்டிலுக்குப் போனாள்.

எண்பத்தாறாம் ஆண்டு மாசியில் ஒரு நாள் சீவரத்தினம் இணுவிலுக்கு வந்தான். தண்ணீர் இறைக்கிற மிசின்கள் திருத்துவது அவன் தொழில். கையில் எப்போதும் எண்ணெய்க் கறுப்பு இருக்கும்.

"ஐயாவை மந்திகை ஆஸ்பத்திரியிலை விட்டிருக்கு. ஈரல் முடிஞ்சுதாம். நீ ஒருக்கா வந்து பார், பிள்ளை."

குழந்தையையும் கொண்டு அவள் அண்ணனோடு புறப்பட்டாள். வெளிக்கிடுமுன் கொட்டிலுக்குப் போய்க் குடித்துவிட்டு, ஒரு போத்தலைப் பைக்குள் ஒளித்துக்கொண்டுதான் வந்தாள். போகிற வழியில் கரவெட்டியில் பெரியம்மாவிடம் குழந்தையை விட்டார்கள்.

தியாகலிங்கம் ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு மூலைக் கட்டிலில் கிடந்தார். கண்கள் மஞ்சளாக இருந்தன. கை கால்கள் குச்சியாகிப்போக, வயிறு மட்டும் ஊதிக் கிடந்தது. மகளை அடையாளம் கண்டு சிரிக்கப் பார்த்தார்.

"வந்திட்டியே மோனை."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரிடம் கேட்பதற்கு அவளுக்கு இதுவரை ஒன்றும் இருந்ததில்லை. இப்போது இருந்தது.

"ஐயா, நீங்கள் எப்பிடித் தொடங்கினீங்கள்?"

 அவர் மெதுவாகச் சொன்னார். "லொறியிலை கிளீனராய் ஓடின காலம். தம்புள்ளையிலை வைச்சு எல்லாரும் குடிச்சினம். மற்றவங்கள் சத்தியெடுத்துப்போட்டுப் படுத்திட்டாங்கள். நான் கிணத்தடிக்குப் போய் முகம் கழுவிப்போட்டு, சாமானெல்லாம் கட்டி ஏத்தினன். முதலாளி என்னைத் தட்டிக்குடுத்தவர், நீதான்ரா ஆம்பிளை எண்டு." மூச்சு வாங்கியது. "அப்ப மனசு நல்லா இருந்தது பிள்ளை. அதுக்கு முந்தி என்ரை மனசு ஒரு நாளும் அப்பிடி இருந்ததில்லை. உள்ளுக்கை ஏதோ இறுக்கிக்கொண்டே கிடக்கும். அது விட்டுப்போச்சு."

அருமைநாயகி கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய இறுக்கம். யாருக்கும் அவள் சொன்னதில்லை. கூட இருந்து பார்த்துப் பழகாத மனிதர் அதைத் தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் டொக்டர் சிமியோன் அவர்கள் இருவரையும் வெளிவிறாந்தைக்குக் கூப்பிட்டார். குருநகர்க்காரர். சீவரத்தினத்தின் வயதுதான் இருக்கும்.

"இனி எங்களாலை செய்ய ஒண்டுமில்லை," என்றார். பிறகு சீவரத்தினத்தைப் பார்த்து, "நீங்கள் குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஒரு நாளும்?"

"ஒருக்கால் சிநேகிதன்ரை கலியாணத்திலை வாயிலை வைச்சனான். முகமெல்லாம் நெருப்பாய்ச் சிவந்துபோச்சு. நெஞ்சு படபடவெண்டு அடிச்சு, சத்தியெடுத்து, செத்துப்போவன் எண்டு நினைச்சன். அம்மாவும் அப்பிடித்தானாம். நான் பிறந்த நேரம் அவவுக்குப் பிறண்டி குடுத்து, ஆள் சிவந்து வீங்கிப்போனாவாம். ஐயா சொல்லிச் சிரிக்கிறவர்." சீவரத்தினம் தன் கைகளைப் பார்த்தான். "தேப்பனைப் பாத்துத் திருந்தின பிள்ளையெண்டு ஊரிலை என்னைப் புகழுகினம். நான் திருந்தவுமில்லை, ஒண்டுமில்லை. எனக்கு ஏலாது, அவ்வளவுதான்."

டொக்டர் தலையாட்டினார். "சிலபேரின்ரை உடம்பு சாராயத்தைச் சரியாய் உடைச்சு வெளியேத்தாது. அது நஞ்சாய் உள்ளுக்கை தேங்கும். அந்தக் குணம் அம்மாவின்ரை பக்கத்தாலை உங்களுக்கு வந்திருக்கு. உங்களுக்கு அது நல்லதாய்ப் போச்சு. ஐயாவின்ரை உடம்பு வேறை மாதிரி. எவ்வளவு போனாலும் 'போதும், நிப்பாட்டு' எண்டு அந்த உடம்பு சொல்லாது. குடிச்சாலும் ஆடாத ஆளைத்தான் நாங்கள் கூடப் பயப்பிடவேணும். எங்கடை சனம் அவனைத்தான் கெட்டிக்காரன் எண்டுது."

"அது பிள்ளையளுக்கும் வருமோ டொக்டர்?" என்று அருமைநாயகி கேட்டாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"வரலாம். வெளிநாடுகளிலை பாத்திருக்கினம். குடிகாரருக்குப் பிறந்து, கைக்குழந்தையிலையே வேறை வீடுகளுக்குத் தத்துக் குடுத்த பிள்ளையள். குடியே இல்லாத வீட்டிலை, சொந்தத் தேப்பனைக் காணாமல் வளந்தாலும், மற்றப் பிள்ளையளைவிட அவையள் குடியிலை விழுறது பல மடங்கு கூட. எல்லாரும் விழுறேல்லை. பாதிக்கு மேலை தப்பிவிடுகினம். ஆனால் ஆபத்து ரத்தத்தோடை வருது." அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, நீங்கள் பயப்பிடத் தேவையில்லை. எங்கடை பொம்பிளையள் எங்கை குடிக்கினம்."

அந்த நேரத்தில் அவள் வயிற்றுக்குள் காலையில் குடித்தது இருந்தது. கைகள் நடுங்கத் தொடங்கியிருந்ததால் சேலைத் தலைப்புக்குள் அவற்றை மறைத்துக்கொண்டு, டொக்டர் சொன்னதற்கு அவளும் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தியாகலிங்கம் இறந்தார். இராசநாயகம் வந்து, சீவரத்தினம் கொள்ளி வைத்து முடியும்வரை நின்றுவிட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவதாகச் சொல்லி இணுவிலுக்குத் திரும்பினார். அருமைநாயகி உடுப்பிட்டியில் தங்கினாள். கொண்டுவந்தது தீர்ந்துபோயிருந்தது. செத்தவீட்டுச் சனம் குறைந்த ஒரு காலை, சீவரத்தினம் தகப்பனின் அறையைத் துப்புரவாக்கினான். கட்டிலுக்கடியில் கிடந்த சாராயப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய், மூடியைத் திறந்து, வாழை அடியில் சரித்தான். பாதி போத்தலுக்கு மேல் இருந்தது.

"அண்ணை!" என்று அவள் ஓடிவந்தாள்.

அவன் திரும்பினான். தங்கச்சியின் கை போத்தலின் கழுத்தைப் பிடித்திருந்தது. அவள் முகம் வேர்த்திருந்தது. அந்த முகத்தை அவன் வேறொருவரில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறான்.

"நீயுமோ?" என்றான்.

அவள் கையை எடுக்கவில்லை.

"எப்ப தொட்டு?"

"கௌசிகா பிறந்த நேரம் தொட்டு."

சீவரத்தினம் போத்தலைப் பிடுங்கவில்லை. அப்படியே வாழை அடியில் குந்திக்கொண்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்தான். "அம்மா செத்த நேரம் உன்னைப் பெரியம்மா தூக்கிக்கொண்டு போகேக்கை, நான் வாசல் படலையிலை பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு எரிச்சல். இவள் தப்பிவிட்டாள், நான் மாட்டிக்கொண்டன் எண்டு எத்தினை வருஷம் நினைச்சிருப்பன்," என்றான். "கடைசியிலை பார், நான் தப்பிவிட்டன்."

அருமைநாயகி அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். போத்தல் அவள் பிடியிலிருந்து நழுவிச் சரிந்து, சாராயம் மண்ணில் ஓடியது. அழுதுகொண்டே அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே அவன் அவளை மந்திகைக்குக் கூட்டிப்போனான். டொக்டர் சிமியோன் முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் சொன்ன வார்த்தை, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்பதுதான். "உங்களைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு நான் என்ன கதை கதைச்சிருக்கிறன்."

திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம் என்று சொல்லி, காய்ச்சல் என்று எழுதி அவளை வாட்டில் வைத்துக்கொண்டார். குளிசைகள் கொடுத்து, நாளுக்கு நாள் அவற்றைக் குறைத்தார். அந்த ஒரு கிழமையும் அவளுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது போலிருந்தது. கண்ணை மூடினால் வெங்காயப் பிடிகள் தெரிந்தன. சீவரத்தினம் பகல் முழுதும் வெளியில் வாகை மரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னார்: "உடம்பு இப்பிடி அமைஞ்சது உங்கடை குற்றமில்லை. ஆனா இந்த உடம்பு உங்களுக்கு மாறப்போறதில்லை. ஒரு வாய்தானே, மருந்துதானே எண்டு ஆரும் தருவினம். உங்களுக்கு ஒரு வாய் எண்டு ஒண்டில்லை."

அந்தியேட்டி முடிந்து அவள் இணுவிலுக்குத் திரும்பினாள். கணவனிடம் சொல்ல நினைத்து நினைத்து, சொல்லாமலே விட்டாள். வயிற்றுவலி சுகமாகிவிட்டது என்று இராசநாயகம் சந்தோஷப்பட்டார்.

எண்பத்தேழில் இந்திய இராணுவம் சண்டை பிடித்த மாதம் ஊரே கோயிலில் தஞ்சமடைந்தது. திரும்பி வந்தபோது அவர்கள் வீட்டில் ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. யாரோ தங்கிப்போன அடையாளமாய் அடுப்படியில் ஒரு சாராயப் போத்தல் நின்றது. அன்று மத்தியானம் எல்லோரும் ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தபோது அருமைநாயகி அதை எடுத்துக் குடித்து முடித்தாள். பிறகு கிணற்றடியில் குளித்துவிட்டு உலை வைத்தாள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நாள் விடிந்ததிலிருந்து அவளுக்கு நினைவெல்லாம் அடுத்த போத்தல் எங்கே என்பதுதான். பாதை திறக்கும்வரை அந்த நினைவோடு கிடந்தாள். திறந்த அன்றே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உடுப்பிட்டிக்குப் போய் அண்ணன் முன்னால் நின்றாள்.  அவன் இரண்டு கிழமை தன் வேலையை விட்டுவிட்டு அவளோடு இருந்தான். அதற்குப் பிறகு அவள் தொடவில்லை.

தொண்ணூற்றொன்றில் மகன் பிறந்தான். பொருளாதாரத் தடை இறுகிய காலம். மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்றார்கள். ஆனால் நல்லம்மாவிடம் ஒரு பிறண்டிப் போத்தல் இருந்தது. பாதை பூட்டுமுன் கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவரிடம் சொல்லி எடுப்பித்து, மருமகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கண்போல் வைத்திருந்தாள். மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கிளாசில் வார்த்துக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

"இந்தா பிள்ளை."

"வேண்டாம் மாமி."

"போன முறையும் உப்பிடித்தானே சொன்னனி. பேந்து நல்லாய்த்தானே குடிச்சனி."

"அதாலைதான் வேண்டாம்."

நல்லம்மாவுக்கு அது விளங்கவில்லை. கிளாசை அவள் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். மணம் வந்தது. அருமைநாயகியின் வாயில் நீர் ஊறியது. பக்கத்தில் கிடந்த குழந்தையின் மேல் கையை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"மாமி, அதை வெளியிலை கொண்டுபோங்கோ. என்ரை கை நீளுறதுக்கு முதல் கொண்டுபோங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"நான் குடிச்சனான் மாமி. இந்த வீட்டிலை, நாள் தவறாமல். ஐயா சாகுமட்டும் குடிச்சனான், பேந்தும் ஒருக்கால். அலுமாரிப் போத்தலை முடிச்சது நான்தான். தோட்டக் கொட்டிலுக்கை வைச்சுக் குடிச்சனான். என்ரை வயித்துவலி பொய்."

நல்லம்மா கிளாசைப் பின்னுக்கு இழுத்தாள். "நீ ஒரு நாளும் தள்ளாடி நான் காணேல்லையே," என்றாள், மறுப்பவள் போல.

"ஐயாவும் தள்ளாடினதில்லை மாமி."

வாசலில் இராசநாயகம் சுடுதண்ணீர்க் கிடாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கிடாரத்தை நிலத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். நல்லம்மாவும் கிளாசை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று அருமைநாயகிக்குச் சாப்பாட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலை இராசநாயகம் அறைக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கரவெட்டியிலை கொண்டுபோய் விட்டிருப்பன் போலை," என்றார். பிறகு, "சங்கக்கடையிலை இருந்து நான்தானே போத்தல் கொண்டந்து தந்தனான். உமக்கு வயித்து நோ எண்டு நினைச்சுப் பயந்துகொண்டு கொண்டந்தனான்" என்றார். 

"இப்ப விடுறதெண்டாலும் விடுங்கோ."

"இப்ப என்னத்துக்கு? நீர் குடிக்காமலெல்லோ இருக்கிறீர்." குனிந்து மகனைப் பார்த்தார். அவன் கையை விரித்துவிட்டு நித்திரை கொண்டான். "இவனுக்கும் வருமோ? பெட்டைக்கும்?"

"வரலாம். வராமலும் விடலாம். அண்ணையைப் போலையும் இருக்கலாம், என்னைப் போலையும் இருக்கலாம். உங்களைப் போலையும் இருக்கலாம். பிறந்த பிள்ளையிலை அதைக் கண்டுபிடிக்கேலாது."

நல்லம்மா மூன்று நாள் அறைப்பக்கம் வரவில்லை. நாலாம் நாள் சரக்குக்கறியோடு வந்தாள். "இதுக்குள்ளை ஒண்டுமில்லை. மிளகும் உள்ளியும்தான்" என்று சொல்லி வைத்துவிட்டு, போகாமல் கட்டில் காலடியில் நின்றாள்.

"நான்தானே முதன்முதல் உன்ரை வாயிலை வைச்சனான்."

"மருந்தெண்டு தந்தியள் மாமி. உங்களுக்கு என்ன தெரியும்? எனக்கே தெரியாது."

"என்ரை மேளும் குடிச்சவள். அவளுக்கு ஒண்டும் வரேல்லையே."

"அவவின்ரை உடம்பு வேறை, மாமி."

நல்லம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கண்டிப்பான குரலில், "சரி, நடந்தது நடந்துபோச்சு. இது இந்த அறைக்குள்ளையே நிக்கட்டும். பெட்டைக்கு ஒரு நாளும் சொல்லப்படாது. தாய் குடிச்சவள் எண்டு தெரிஞ்சால் அவளை ஆர் கட்டுவான்?" என்றாள்.

"சொல்லத்தான் வேணும் மாமி. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. தேப்பன்ரை காத்துப் படேல்லை எண்டுதான் சொன்னவை. அதை நம்பித்தான் நான் மூக்கைப் பொத்திக் குடிச்சனான்."

"நான் சீவனோடை இருக்குமட்டும் நீ சொல்லக்கூடாது," என்றாள் நல்லம்மா.

அருமைநாயகி அதற்குமேல் வாதாடவில்லை. ஆனால் அடுத்த நாலு வருஷமும் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் அந்தப் பேச்சு முடியாமலே கிடந்தது. ஒரு தடிமன் காய்ச்சலுக்குக்கூட வீட்டில் யாரும் பிறண்டி என்று வாய் திறக்கவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, இணுவிலும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி நடந்தது. மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டு, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சில நாள் கிடந்து, கடைசியில் அவர்கள் உடுப்பிட்டியில் சீவரத்தினத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தியாகலிங்கத்தின் பழைய அறையில் நல்லம்மாவுக்குக் கட்டில் போட்டார்கள்.

கார்த்திகையில் ஒரு காலை, கௌசிகா பால் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பதினொரு வயது.

"அம்மா, அந்த ஆச்சி என்னைத் தியாகலிங்கத்தின்ரை பேத்தியோ எண்டு கேட்டவ. அம்மப்பா எவ்வளவு குடிச்சாலும் அசைய மாட்டாராம், அப்பிடி ஒரு ஆம்பிளை இந்த ஊரிலை இல்லையாம்." அவள் முகத்தில் பெருமை இருந்தது. "உண்மையோ?"

அருமைநாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நல்லம்மா அடுப்படியில் விறகை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உண்மைதான்," என்றாள் அருமைநாயகி. "இதிலை இரு. அது பெருமையில்லை, உடம்பிலை வாற வருத்தம். சொல்லுறன்."

சொன்னாள். தகப்பன் கிடந்த மந்திகைக் கட்டிலையும், அவர் வயிறு ஊதிக் கிடந்ததையும் சொன்னாள். மாமாவுக்கு ஒரு வாய் பட்டாலே முகம் சிவப்பதைச் சொன்னாள். பிறகு சிறிது நிறுத்தி, தன்னைப் பற்றியும் சொன்னாள். மாமி தடுப்பாள் என்று ஒவ்வொரு வசனத்துக்கும் எதிர்பார்த்தாள். நல்லம்மா ஊதுகுழலை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கௌசிகா தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "நான் பால் குடிச்ச நேரமும் குடிச்சனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

 பிள்ளை, தாய் தன்னைத் தொடப்போகிறாளோ என்பது போலச் சற்று விலகி உட்கார்ந்தாள். அருமைநாயகி தொடவில்லை. பிறகு கௌசிகாவே கேட்டாள்: "நான் மாமாவைப் போலையோ, உங்களைப் போலையோ?"

"தெரியாது பிள்ளை. குடிச்சுப் பாத்தால்தான் தெரியும். நான் அப்பிடித்தான் அறிஞ்சனான். நீ அறியாமலே இரு. ஆர் தந்தாலும், மருந்தெண்டு தந்தாலும், வேண்டாமெண்டு சொல்லு. ஏனெண்டு கேட்டால் அம்மாவுக்கு அதாலை வருத்தம் வந்தது எண்டு சொல்லு. வெக்கப்படாதை."

"நீங்கள் இப்பவும் குடிக்க ஆசைப்படுறனீங்களோ?"

"சில நாள். குறைஞ்சுபோச்சு."

கௌசிகா எழும்பிப் பால் செம்பை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தாள். நல்லம்மா அதை வாங்கிச் சட்டிக்குள் ஊற்றினாள்.  முற்றத்தில் தம்பி மழைத்தண்ணீருக்குள் காலடித்து விளையாடிக்கொண்டிருந்தான். நல்லம்மா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவனும் வளரட்டும்," என்றாள் மருமகளைப் பார்க்காமலே. "அவனுக்கும் சொல்லோணும். நான் இல்லாட்டியும் நீ சொல்லு."

"ஓம் மாமி," என்று சொல்லிவிட்டு அருமைநாயகி அரிசியை உலையில் போட எழும்பினாள்.